இடது ஓரம்

திரையில் இருந்தது பதினெட்டே வரி. அதைப் படிக்க உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியும் திருமூர்த்திக்கு இன்னும் முடிந்தபாடில்லை. நாலு மணிக்கு ரங்கராஜ் சார் அறைக்குள் போய் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். நெட்டையா, குட்டையா. இப்போது மூன்றேகால். பதினைந்து வருஷமாக இந்தக் கம்பெனியில் வலைப்பக்கம் எழுதிக் கொட்டியவன் என்பதால் அவன் சொல்வதுதான் முடிவு என்று சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பெருமைதான், யார் இல்லை என்றது. நெட்டை என்பது அவன் இத்தனை காலம் எழுதிவந்த பழைய முறை. அதில் ஒன்றைத் திறந்தால் பெயர் சொல்லித் திரும்ப மூடவும் வேண்டும். பெட்டியைத் திற, பெட்டியை மூடு, பத்தியைத் திற, பத்தியை மூடு. ஒரு சின்னப் பொத்தான் வைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். குட்டையில் அந்தச் சடங்கெல்லாம் கிடையாது. பெயரை மட்டும் எழுதினால் போதும், மூடவே வேண்டாம். எது எதற்குள் அடக்கம் என்பதை, அந்த வரி இடது ஓரத்திலிருந்து எத்தனை ஸ்பேஸ் தள்ளி நிற்கிறது என்று பார்த்துக் கணினியே புரிந்துகொள்ளும். இரண்டு ஸ்பேஸ் தள்ளி நின்றால் மேல் வரிக்குப் பிள்ளை, நாலு ஸ்பேஸ் என்றால் பேரப்பிள்ளை. நெட்டையில் நாற்பது வரி பிடித்தது இதில் பதினெட்டில் அடங்கிவிட்டது. இந்தப் பெயர்களை வைத்ததே மிருதுளாதான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத பெண், வந்த இரண்டாம் வாரமே 'குட்டைக்கு மாறிட்டா பாதி வேலை மிச்சமுங்ணா' என்று ஆரம்பித்தவள், இப்போது ஆபீஸ் முழுக்க, டீ கொண்டுவரும் அம்மா உட்பட, நெட்டை குட்டை என்றுதான் பேசுகிறார்கள்.

நல்ல மொழிதான். அதில் அவனுக்குச் சந்தேகம் துளியும் இல்லை. இருபத்தைந்து வயசில் இது கையில் கிடைத்திருந்தால் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பான். ஐந்தாவது வரி இருக்கிறதே, 'குறிப்பு' என்று தொடங்குகிற வரி, அது நாலாவது வரிக்கு நேர்கீழே நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா? தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினான். தள்ளி நிற்கிற மாதிரி இருந்தது. நேராக வைத்துப் பார்த்தால் நேர்கீழே நிற்கிற மாதிரி. எழுத்தைப் பெரிதாக்கினான். எழுத்து பெரிதானதும் இடது ஓரம் இன்னும் அக்கட்டால், பார்வைக்கு அப்பால் போய்விட்டது. சின்னதாக்கினான், இப்போது எழுத்தே கரைந்தது. கண்ணில் கிளாக்கோமா என்று டாக்டர் சொன்னபோது அவன் முதலில் நினைத்தது இருட்டைத்தான். ஒரு பக்கம் கறுப்பாகிக்கொண்டே வரும், திரை இழுத்து மூடுகிற மாதிரி இருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. கறுப்பே வரவில்லை. போன இடத்தில் எதுவும் போனதாகத் தெரியாது, அங்கே ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லாதது போல வெறுமனே இருக்கும். பஸ் ஸ்டாப்பில் ஆள் திடீரென்று இடது பக்கத்திலிருந்து முளைப்பார்கள். மேசைமேல் வைத்த டம்ளர் இருக்காது, கை போய் இடித்ததும் இருக்கும். குட்டையில் எல்லாமே அந்த வெற்றிடத்தை வைத்துத்தான். எது காலி இடம், எது தன் கண் விட்ட இடம் என்று எப்படிப் பிரிப்பது? நெட்டையில் அந்தக் கவலை இல்லை. 'பெட்டி முடிந்தது' என்று அங்கேயே எழுதியிருக்கும், விரலை வைத்துக்கூடப் படிக்கலாம். டாக்டர் சொன்னதிலிருந்து பதினோரு மாசம் அவன் வண்டி ஓடியது அந்த மூடும் வரிகளின் புண்ணியத்தில்தான். அதைப் போய் தேவையில்லாத பாரம் என்று தூக்கிப் போடச் சொல்கிறார்கள், அவன் வாயாலேயே.

சொல்லாமல் விட்டால்? குட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? காரணம் கேட்பார்கள். காரணம் இருக்கிறது, பளபளவென்று, யாரும் மறுக்க முடியாத காரணம். போன வாரம் கல்யாண மண்டபக்காரர் ஒருவரின் பக்கத்தைச் சோதனைக்காகக் குட்டையில் எழுதினார்கள். தேதியைத் தேர்ந்தெடுத்தால், அது ஏற்கெனவே நிரம்பியிருந்தால் 'இந்தத் தேதி காலியில்லை' என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே எப்போதும் ஒரு பொத்தான், 'பதிவு செய்ய'. நிரம்பிய நாளென்றால் அது காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கும், அவ்வளவுதான். அந்தப் பொத்தான் வரி இரண்டு ஸ்பேஸ் உள்ளே போய்விட்டது. காலியில்லை என்ற வரிக்குப் பக்கத்தில், அதே நிபந்தனைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விளைவு, மண்டபம் காலியாக இருந்த நாட்களுக்குப் பொத்தானே இல்லை. நிரம்பிய நாட்களுக்கு மட்டும் ஜம்மென்று இருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஊரே மண்டபம் தேடுகிற நேரத்தில் இரண்டு முழு நாள், பொண்ணு வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தேதியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வேறு மண்டபத்துக்குப் போனார்கள். மண்டபக்காரர் போனில் போட்ட சத்தம் சார் அறைக் கதவைத் தாண்டி வந்தது. 'யாரு இத மேல ஏத்துனது?' என்று சார் கேட்டார். கேட்டது அது மட்டும்தான். யார் எழுதியது என்று கேட்கவில்லை. மிருதுளா எழுந்து நின்றாள். 'நாந்தானுங்க சார். ஒருக்கா செக் பண்ணிட்டு ஏத்தியிருக்கோணும். சாரிங்க சார்.' அதுவும் உண்மைதான், பக்கத்தை இணையத்தில் ஏற்றியது அவள்தான், ஆனால் அந்த வரியைத் தட்டியது திருமூர்த்தி. புதன்கிழமை பதினொன்றரைக்கு. ஓரத்தில் இருக்கிறது என்று நினைத்து, அழகாக இருக்கட்டும் என்று இரண்டு தட்டுத் தட்டினான். அவள் எழுந்து நின்றபோது அவனுக்கு நேர்எதிரே நின்றாள், அதனால் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. காது மடல்கூடச் சிவந்திருந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தான், அந்த நொடிக்குள் சார் 'இந்த மாசத்தோட உன் ப்ரொபேஷன் முடியுது இல்ல, அதோட சேத்துப் பேசிக்கலாம்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் சொல்ல நினைத்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, அப்புறம் ஒரு நாள், இப்போது ஐந்து நாள். நாள் கூடக் கூடச் சொல்ல வேண்டியதும் கூடிக்கொண்டே போகிறது. முதலில் 'அது நான்' என்று மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. இப்போது 'ஏன் அன்னைக்கே சொல்லல' என்பதற்கும் பதில் வேண்டும்.

அவள் பார்த்திருப்பாளோ? ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று பெயரும் நேரமுமாகக் கணினி எழுதி வைத்திருக்கும். ஹிஸ்டரியில் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். சார் அதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. மற்றவர்களுக்கு, மூர்த்தி அண்ணன் இந்த மாதிரி சில்லறைத் தப்பு பண்ணுவார் என்று கனவிலும் தோன்றாது. மிருதுளா? பார்த்திருந்தால் இப்படிச் சிரித்த முகமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாளா? மத்தியானம்கூட அவன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு கரண்டி பொரியலை எடுத்துக்கொண்டு 'அக்கா கைப்பக்குவமே தனிதானுங்ணா. இந்த வாழைப்பூவ எப்படித்தான் இப்படி ஆயறாங்களோ' என்றாள். பொரியல் காந்திபுரம் மெஸ்ஸில் வாங்கியது. காலையில் எட்டரைக்குப் பொட்டலம் வாங்கி, ஆபீஸ் மாடிப்படித் திருப்பத்தில் நின்று, வீட்டு எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக்கொள்வான், சாம்பார் கவரின் முடிச்சு அவிழாமல் தினமும் பல்லால் கடிக்க வேண்டியிருக்கும். நாற்பத்தாறு வயசு ஆம்பளை செய்கிற காரியமா இது! மனைவி சுகந்திக்குப் பேங்க்கில் பதவி உயர்வு வந்து ஓசூருக்கு மாற்றினார்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். நாலு வருஷம் ஆகிறது. முதலில் சனிக்கிழமைதோறும் வந்தாள். பிறகு மாசம் ஒரு தடவை. பிறகு தீபாவளி, பொங்கல். கடைசியாக வந்துபோய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை, ஒருவர் மேல் ஒருவர் ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை. முடிந்தது என்று யாரும் சொல்லவும் இல்லை. குட்டையில் எழுதிய மாதிரி, மூடும் வரியே இல்லாமல், அடுத்த வரி ஓரத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்து மேலே இருந்தது முடிந்துபோயிற்று என்று நீயே புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆபீசில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அக்கா எப்ப வர்றாங்க, பாப்பா எந்த ஸ்கூலு. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் 'கோயமுத்தூருக்கே மாத்தல் கெடச்சிருச்சு, வந்துட்டாங்க' என்று சொல்லி வைத்தான். சொன்ன அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலையில்தான், வந்துவிட்ட பெண்டாட்டி சாப்பாடு கட்டிக் கொடுக்காமலா அனுப்புவாள் என்று உறைத்தது.

மூன்று முப்பத்தைந்து. சரி, குட்டையே என்று சொல்லிவிட்டு எப்படியாவது சமாளித்தால்? சமாளிக்க வழி உண்டென்று படித்துப் பார்த்திருக்கிறான். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு வரி எத்தனை ஸ்பேஸ் தள்ளி நிற்கிறது என்பதையும் அதுவே சொல்லும். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தான். பெண் குரல். தமிழ் உச்சரிப்பு கொஞ்சம் வெளியூர்க்காரி மாதிரி இருந்தது, ஆனால் கோபமே வராத குரல். 'இரண்டு ஸ்பேஸ். பத்தி. நான்கு ஸ்பேஸ். இணைப்பு.' ஹாலில் அந்தக் குரல் கேட்டதும் அவனுக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வீட்டுக்குள் இன்னொருத்தர் பேசி எத்தனை நாளாகிறது என்று கணக்குப் போடத் தொடங்கி, போடாமல் விட்டான். வேலை பழகுவதற்காக உட்கார்ந்தவன், வேலையை விட்டுவிட்டுப் பழைய கோப்பு ஒன்றை, எந்தக் காலத்திலோ ஒரு பம்ப்செட் கம்பெனிக்காக எழுதிய பக்கத்தை, அதன் பாட்டுக்கு வாசிக்க விட்டுவிட்டுத் துணி மடித்தான், தோசை ஊற்றினான். பம்ப்செட் மாடல் ஒன்று, குதிரைத்திறன் இரண்டு, மாடல் இரண்டு, குதிரைத்திறன் மூன்று என்று அது சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தது. இவன் நடுவில் இரண்டு தடவை 'ம்' கொட்டினான். அதைக் கவனித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது, சட்டென்று போய் அணைத்தான். அணைத்த பிறகு வீடு முன்னைவிட மோசமாக இருந்தது. ஆபீசில் காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்கலாம்தான், ஆனால் என்ன கேட்கிறீர்கள் என்பார்கள். பாட்டு என்று எத்தனை நாள் சொல்வது? ஒரு பொய்க்கு ஒரு டப்பா போதுமாக இருந்தது, இதற்கு எத்தனை டப்பா வேண்டுமோ. பார்வைச் சோதனைக்குப் போனபோதும் அவன் செய்தது அதேதான். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பித்தானை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை. பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நேரம் புள்ளி வராமல் இருக்காது, வந்திருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்று தோன்ற, குத்துமதிப்பாக அமுக்கினான், தாளம் பிடித்து, இரண்டு விட்டு ஒன்று. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: 'வெளிச்சம் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க சார். மெஷின் அதையும் எண்ணும். நீங்க இங்க பாஸ் பண்ணி யாருக்கு என்ன ஆகப்போகுது?' யாருக்கும் ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் பரீட்சை என்று வந்துவிட்டால் தோற்கக் கூடாது என்றுதான் கை போகிறது. இப்போதும் பார், கை அந்தப் பளபளக்கும் காரணத்தின் மேலேயேதான் போய்ப் போய் விழுகிறது. 'குட்டை வேண்டாமுங்க சார். ஒரு ஸ்பேஸ் தப்பினா எல்லாம் போச்சு. போன வாரம் மிருதுளா பண்ணத நீங்களே பாத்தீங்களே.' இவ்வளவுதான். பத்து நொடி. நெட்டை நிற்கும், அவன் நிற்பான், இன்னும் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ மூடும் வரிகளைத் தடவித் தடவி ஓட்டிவிடலாம். அவள் போவாள். சின்ன வயசு, வேறு இடம் கிடைக்கும். கிடைக்குமா என்ன, ப்ரொபேஷனில் கழித்துக்கட்டினார்கள் என்று தெரிந்தால் அடுத்தவன் எடுப்பானா? கிடைக்கும், கிடைக்காமல் என்ன. அட, மானங்கெட்டவனே என்று தன்னையே திட்டிக்கொண்டான். உதடு அசைந்திருக்க வேண்டும், எதிர் மேசைக்காரன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தான்.

'நாலாச்சுங்ணா, போலாங்களா?' குரல் இடது பக்கத்திலிருந்து வந்தது. அவள் வந்து எவ்வளவு நேரம் ஆகிறதென்று தெரியவில்லை. எழுந்தபோது நாற்காலியின் கை மேசையில் இடித்தது. அவள் வழியில் கிடந்த பையைக் காலால் ஒதுக்கினாள். அறையில் சார் வழக்கம்போல் ஏசியைப் பதினெட்டில் வைத்திருந்தார். 'வாங்க மூர்த்தி, உக்காருங்க. நீயும் உக்காரும்மா. ம், சொல்லுங்க, எதுக்குப் போறோம்?' திருமூர்த்தி கைக்குட்டையை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாத நெற்றியைத் துடைத்தான். 'குட்டையே வெச்சுக்கலாமுங்க சார்' என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது இதைச் சொல்லப் போகிறோம் என்று. மிருதுளா சட்டென்று திரும்பினாள். சார் பேனாவைக் கீழே வைத்தார். 'அதென்னங்க, போன வாரம் அவ்வளவு கூத்து நடந்துச்சே?' 'அது குட்டை பண்ண தப்பு இல்லீங்க. மிருதுளா பண்ணதும் இல்லீங்க. அந்த வரிய நாந்தான் உள்ள தள்ளி வெச்சேன்.' சார் சிரித்துவிட்டார். 'புள்ளயக் காப்பாத்தறீங்களாக்கும். நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆனா பாருங்க, நீங்க போய் அந்த மாதிரி...' 'இல்லீங்க சார். எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க.' பார்வையில் ஒரு சின்னப் பிரச்சினை இருக்கிறது, சிகிச்சையில் இருக்கிறேன் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் எழுதி அழித்து வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ நின்றுவிட, இதுதான் வெளியே வந்தது, அதுவும் கொஞ்சம் சத்தமாக. 'இடது பக்கம் போயிருச்சுங்க. போனது திரும்பாதாம். நெட்டைன்னா தட்டித் தடவி ஓட்டிருவேன், குட்டையில ஓரமே தெரியறதில்ல. ஆனா மொழி நல்ல மொழிங்க. எனக்குத்தான் ஆகாது.'

 சார் மிருதுளாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 'எனக்குத் தெரியுமுங்க சார்,' என்றாள். 'அன்னைக்கே ஹிஸ்டரியில பாத்தனுங்க. அண்ணன் பேர்தான் இருந்துச்சு. கண்ணும் சரியில்லைன்னு ஒரு மாதிரி தெரிஞ்சுது, டீ டம்ளர எடுக்கறப்ப பாப்பேன்.' 'அப்புறம் ஏம்மா வாயத் தொறக்கல?' 'அண்ணனே சொல்லுவாருன்னு இருந்தனுங்க.' அதில் கோபமோ குத்தலோ இருந்திருந்தால் தேவலை என்று திருமூர்த்திக்கு இருந்தது. இருந்தது நம்பிக்கைதான், அதுவும் ஐந்து நாள் காத்திருந்த நம்பிக்கை. அவனால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. 'மன்னிச்சுக்க மிருதுளா' என்று மேசையைப் பார்த்துச் சொன்னான். சார் எழுந்து வந்து அவன் பக்கத்து நாற்காலியில், அவனுக்குத் தெரிகிற வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். பதினைந்து வருஷத்தில் அவர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. 'வேல கெடக்குதுங்க மூர்த்தி, அது பாத்துக்கலாம், டெஸ்டிங் இருக்கு, கிளையண்ட்கிட்டப் பேசறது இருக்கு, அதெல்லாம் ஒரு விஷயமா? எத்தன நாளா இப்படி?' 'பதினோரு மாசமுங்க.' 'பதினோரு மாசம்!' அவர் உச்சுக்கொட்டினார். 'வீட்ல என்ன சொல்றாங்க? ஆஸ்பத்திரிக்குக் கூட அவங்கதான வர்றாங்க?'

அவளுக்கு லீவு கிடைப்பதில்லைங்க, பாவம் அவளும் என்ன பண்ணுவா, என்ற பதில் தயாராகவே இருந்தது. நாக்கின் நுனி வரைக்கும் வந்தும்விட்டது. இந்தக் கேள்வி வரும் என்று அவன் யோசிக்கவே இல்லை. பதினோரு மாசமும் கண்ணைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தான். பெரியதைச் சொல்லியாகிவிட்டது, இனி ஒன்றும் மிச்சம் இல்லை என்று இப்போதுதான் ஒரு மூச்சு விட்டிருந்தான்.

'வீட்ல யாரும் இல்லீங்க சார்,' என்றான். 'அவ வந்துபோயி ரெண்டு வருஷமாச்சு.'

கண் போனதைச் சொன்னபோது அசையாமல் இருந்த மிருதுளா இப்போது தலையைக் குனிந்துகொண்டாள்.